ஒரே வீடு, நாலு தேதி: ஒரு முகாம் குடும்பத்தின் குடியுரிமை வழக்கு

2022 செப்டம்பரில் ஒரு மதியம், ஒத்தக்கடையில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். அக்கா கையில் நாலாக மடித்த செய்தித்தாள் துண்டு. தம்பி உள்ளே வரவில்லை, சட்டையெல்லாம் பெயிண்ட், வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், பெஞ்சில் ஒட்டிவிடும் என்று வாசலிலேயே நின்றார். அந்த அம்மா உட்காரும் முன்னாடியே கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, இது எனக்கும் பொருந்துமா?"

அந்தத் துண்டில் இருந்தது அதற்கு முந்தின மாதம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் கொடுத்த தீர்ப்பு. 1986 ஏப்ரலில் இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாமில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்க மறுத்திருந்தார்கள். அவர் இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர், ஆகவே பிறப்பாலேயே இந்தியக் குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்றது நீதிமன்றம். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

எங்களிடம் வந்த அக்கா பிறந்தது 1985 டிசம்பர். பொருந்தும். அவரைப் பொறுத்தவரை நாங்கள் முதலில் நினைத்தது போலவே வழக்கு முடிந்தது. ஆனால் அவரது குடும்ப அட்டையை விரித்துவைத்து ஒவ்வொரு பெயருக்கும் நேரே பிறந்த தேதியை எழுதியபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. இந்தக் கட்டுரை அந்தக் குடும்ப அட்டையைப் பற்றியது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், தேதிகளைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன், ஆனால் எந்தத் தேதியும் சட்டம் போட்ட கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். மதுரை மாவட்டத்தில் ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி என மூன்று இடங்களில் முகாம் இருக்கிறது. இவர்கள் எந்த முகாம் என்று சொல்லப்போவதில்லை.

முதலில் குடும்பம். அக்காவின் தாத்தா மேலூர் பக்கத்துக்காரர். எங்கள் அலுவலக வாசலில் நின்றால் யானைமலை தெரியும், அதை ஒட்டிப் போகிற மேலூர் ரோட்டில் இன்னும் இருபது கிலோமீட்டர் போனால் அவர் பிறந்த ஊர்ப் பக்கம் வந்துவிடும். 1920-களில் சின்னப் பையனாக, கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) கூட்டிப்போன கூட்டத்தோடு இலங்கைக்குத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய்த் தடுப்புக்காக மண்டபத்தில் ஒரு முகாமில் வைத்திருந்துதான் கப்பல் ஏற்றுவார்கள். மண்டபம் கேம்ப் என்ற ரயில் நிலையப் பெயர் அப்படி வந்ததுதான்.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948-லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேர் கணக்கு பிறகு. பிறகு என்றால் 1974, அப்போது ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்த அக்காவின் அப்பா இந்த இரண்டு கணக்கிலும் வராமலேயே வளர்ந்தார். 1977 கலவரத்தில் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வவுனியாவுக்குப் போனார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு அங்கேயும் இருக்க முடியவில்லை. 1985 தொடக்கத்தில் மன்னார்க் கரையிலிருந்து படகேறி ராமேஸ்வரம். அங்கிருந்து, ஆமாம், மண்டபம் முகாம். தாத்தா போன அதே வாசல்.

1983 ஜூலையிலிருந்து 1987 ஜூலை வரை அப்படி வந்தவர்கள் சுமார் 1.34 லட்சம் பேர். "மேலூர்ல எங்க மாமனாருக்கு வீடே இருந்துச்சு தம்பி, ஆனா எங்கள சிலோன்காரங்கன்னுதான் எழுதுனாங்க" என்று அக்காவின் அம்மா ஒருமுறை சொன்னார். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். அவர் கணவருக்கு இலங்கைக் குடியுரிமை இருந்ததற்கு ஒரு காகிதம்கூடக் கிடையாது.

அக்கா 1985 டிசம்பரில் பிறந்தார். தம்பி 1987 ஆகஸ்டில். ரெண்டு பேரும் ராமநாதபுரத்தில், அரசு மருத்துவமனையில். பிறகு 1990-ல் மதுரை முகாமுக்கு மாற்றினார்கள். அந்த வருஷம் ஜூனில் மறுபடி போர் தொடங்கி, அடுத்த கூட்டம் படகில் வந்தது. அதில் வந்த எட்டு வயதுப் பையன்தான் பின்னாளில் அக்காவின் கணவர். இவர்களுக்கு ரெண்டு பிள்ளைகள், மகள் 2004 செப்டம்பர், மகன் 2008. ரெண்டு பேரும் பிறந்தது மதுரையில்.

இப்போது குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் என்றால் அப்பா அம்மாவில் ஒருவராவது அப்போது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் ரெண்டு பேரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

அக்கா இந்தியர். 1987 ஜூலை 1-க்கு ஏழெட்டு வாரம் பிந்திப் பிறந்த தம்பி இந்தியர் இல்லை. 2004 செப்டம்பரில் பிறந்த மகள், அம்மா பிறப்பாலேயே குடிமகள் என்பதால், இந்தியர். 2008-ல் பிறந்த மகன் இந்தியர் இல்லை, ஏனென்றால் எட்டு வயதில் படகில் வந்த அவன் அப்பா சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறி. ஒரே அடுப்பு, ஒரே குடும்ப அட்டை. அக்காவும் தம்பியும் ஒரே மருத்துவமனையில் பிறந்தவர்கள், அக்காவின் மகளும் மகனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

இந்த 1987 ஜூலை 1 எங்கிருந்து வந்தது என்று தேடினேன், எனக்கு அது முக்கியமாகப் பட்டது. அசாமில் வங்கதேசத்திலிருந்து வந்தவர்களுக்கு எதிராகப் பல வருஷம் போராட்டம் நடந்து, 1985-ல் ஒப்பந்தம் ஆனது. அதை ஒட்டி 1986-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், அமலுக்கு வந்த நாள் அது. பிரம்மபுத்திரா கரையில் வந்த சிக்கலுக்குப் போட்ட கோடு மண்டபம் முகாமில் பிறந்த குழந்தைகளுக்குக் குறுக்கே விழுந்தது. ராமேஸ்வரம் கரையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அந்தத் திருத்தம் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. 2004 டிசம்பர் 3-உம் அப்படித்தான், அது 2003 திருத்தம் அமலான நாள், அதில்தான் "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல் குடியுரிமைச் சட்டத்துக்குள் வந்தது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்த அயல்நாட்டவர் என்று அதற்குப் பொருள். அப்படிப்பட்டவர் எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் பதிவு மூலமாகவோ இயல்புரிமை (பல வருஷம் இங்கே வாழ்ந்ததை வைத்துக் கேட்பது) மூலமாகவோ குடியுரிமை கேட்க முடியாது. குண்டு விழுகிற ஊரிலிருந்து படகில் ஓடி வருகிறவர் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவார்?

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது நினைவிருக்கும். பழைய பட்டியலில் தொடர்பு கிடைக்காதவர்களிடம் ஆவணம் கேட்டபோது இதே ரெண்டு தேதிகளை வைத்துத்தான் பிரித்தார்கள். எங்கள் தெருவில் பலர் பிறப்புச் சான்றைத் தேடிப் பரண்மேல் ஏறினார்கள். முகாமில் இருப்பவர்கள் முப்பத்தைந்து நாற்பது வருஷமாக அந்தத் தேடலிலேயே இருக்கிறார்கள்.

சரி, அக்காவின் வழக்கு எப்படிப் போனது? ஆதார் இருந்தது, ஆனால் ஆதார் ஆளுக்கான அடையாளம், குடியுரிமைக்குச் சான்று ஆகாது. எல்லாமே பிறப்புச் சான்றில்தான் நின்றது. பள்ளிச் சான்றில் இருந்தது ஒரு தேதி, முகாம் பதிவில் வேறு. பிறப்புப் பதிவேட்டில் தேடியபோது "பெண் குழந்தை" என்று மட்டும் ஒரு வரி, அப்பா பெயர், முகவரி மண்டபம் முகாம். அந்த ஒரு வரி கிடைத்த அன்று அக்கா எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதார். பெயர் சேர்க்கத் தனி விண்ணப்பம், அதற்கு அப்பாவின் இறப்புச் சான்று, அதில் அப்பா பெயரின் எழுத்து வேறு மாதிரி, அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம். ஆறு மாதம் போனது.

பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்குக் காவல் துறை விசாரணையில் "இலங்கை அகதி" என்று எழுதி வந்தது, அலுவலகம் நிராகரித்தது. 2023-ல் ரிட் மனு போட்டோம். 2022 தீர்ப்பையும் பிறப்புச் சான்றையும் இணைத்தோம், வேறு பெரிய வாதம் எதுவும் தேவைப்படவில்லை. 2024 கடைசியில் பாஸ்போர்ட் கையில் வந்தது. வெளிநாடு எதுவும் போகப்போகிறாரா என்று கேட்டேன். "எங்கேயும் போகலை அண்ணா. ஆர்.ஐ. வந்து தணிக்கைக்கு நில்லுன்னா, இனிமே நான் நிக்க வேண்டாம்ல, அதுக்குத்தான்." (ஆர்.ஐ. என்றால் வருவாய் ஆய்வாளர், தணிக்கை என்றால் முகாமில் ஆள் எண்ணிப் பார்ப்பது.) அடுத்த வருஷம் மகளுக்கும் வந்தது.

தம்பியின் கதை வேறு. முகாம் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்டர்கள், இவரும் அப்படித்தான், நாலு மாடிச் சாரத்தில் பயமில்லாமல் நிற்பார். அவர் மேஸ்திரி வளைகுடாவுக்கு ஆள் எடுத்தபோது இவரைத்தான் முதலில் கேட்டாராம். பாஸ்போர்ட் இல்லை. அதற்குப் பிறகு ஒருவர் வந்து, பாஸ்போர்ட் வேண்டாம், நாலு லட்சம் கொடு, கேரளாவிலிருந்து படகு, நேரே வெளிநாடு என்றிருக்கிறார். அக்கா நகையைத் தர மறுத்ததால்தான் போகவில்லை.

இந்த இடத்தில் பாதுகாப்பு பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் முகாம் பற்றி எதைக் கேட்டாலும் பாதுகாப்பு என்றுதான் பதில் வருகிறது. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார், மறு வருஷம் விடுதலைப் புலிகளுக்குத் தடை. அதற்கு முன் அனுதாபத்தோடு பார்த்த ஊர் அதற்குப் பிறகு சந்தேகத்தோடு பார்த்தது. கொலையை விசாரிக்க வேண்டியது அரசின் கடமை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் படகில் வந்த எட்டு வயதுப் பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்களும் அந்தச் சந்தேகத்தை இன்று வரை சுமக்கிறார்கள். குறிப்பிட்ட நாளில் வரிசையில் நின்று ஆள் இருக்கிறதாகக் காட்ட வேண்டும், வெளியூர் தங்கினால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கியூ பிரிவு என்ற உளவுப் போலீஸ் வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் உச்சப்பட்டி முகாமில், மருத்துவமனையில் இருந்த பிள்ளைக்கு வருகை பதிய மறுத்த தகராறில் ஒரு தகப்பன் உயர் மின்கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். மதுரைக்காரர்கள் அதை மறந்திருக்கக் கூடாது.

இவ்வளவு கண்காணிப்பும் எதைத் தடுத்தது? 2019 ஜனவரியில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து நூறு பேருக்கு மேல் ஏறிய படகு ஒன்று கிளம்பியது, அதில் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. 2021-ல் தென்னிந்தியாவிலிருந்து கனடாவுக்குப் போக நினைத்து 89 இலங்கைத் தமிழர்கள் ஏறிய படகு நடுக்கடலில் பழுதாகி, அக்டோபர் 3-ஆம் தேதி பிரிட்டிஷ் கடற்படை அவர்களை டியாகோ கார்சியா தீவுக்குக் கொண்டுபோனது. அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிற தீவு, மொரீஷியஸும் பிரிட்டனும் உரிமைக்கு மோதிக்கொண்டிருந்த தீவு. அங்கே கூடாரங்களில் மூன்று வருஷத்துக்கு மேல் கிடந்தார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் அந்தத் தீவு அடங்கிய பிரிட்டிஷ் பகுதியின் நீதிமன்றமே சொன்னது, பெரும்பாலானவர்களைப் பிரிட்டனுக்குக் கூட்டிப்போனார்கள். தம்பியிடம் நாலு லட்சம் கேட்டவர் காட்டிய வழியும் இதே கடல்வழிதான். காகிதம் உள்ளவன் விமானத்தில் போய், வேலை பார்த்து, திரும்பி வருவான், அவன் எங்கே இருக்கிறான் என்று அரசுக்கும் தெரியும். காகிதம் இல்லாதவனைத்தான் படகுக்காரன் தேடி வருகிறான். பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்தான் முதலில் இந்தப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

திரும்பிப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். மலையகத் தமிழர்களுக்கு இலங்கை 2003-ல் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது, 2009-ல் அதைத் திருத்தி, போரால் இந்தியாவுக்கு வந்தவர்களையும் சேர்த்தது. சென்னையில் இருக்கும் துணைத் தூதரகத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதியலாம். போனவர்களும் இருக்கிறார்கள், போக விரும்புகிறவர்களுக்கு வழி திறந்திருக்க வேண்டும். ஆனால் 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் விழுந்தபோது, மார்ச்சிலிருந்து மறுபடி தனுஷ்கோடி மணல்திட்டுக்குப் படகுகள் வந்தன. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் உதவியோடு திரும்பிப் போன ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில், முன்பு சட்டவிரோதமாக நாட்டை விட்டுப் போனார் என்று கைது செய்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று முகாமில் யாரும் வேறு பேச்சுப் பேசவில்லை என்று தம்பி சொன்னார். அவருக்கு இலங்கையைத் தெரியாது. பெரியார் பஸ் ஸ்டாண்டையும் திருப்பரங்குன்றத்தையும் தெரியும்.

தம்பிக்காக எங்கள் வக்கீல் எடுத்திருக்கும் வாதம் ரொம்ப எளிமையானது. சட்டம் "நுழைந்தவர்" என்கிறது. இவர் எங்கேயும் நுழையவில்லை, ராமநாதபுரத்தில் பிறந்தார். ஆகவே சட்டவிரோதக் குடியேறி என்ற தடை இவருக்குப் பொருந்தாது, இத்தனை வருஷம் இங்கேயே வாழ்ந்ததால் இயல்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு முன்னாடி ரெண்டு தீர்ப்பு துணைக்கு இருக்கிறது. 2019 ஜூனில் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான 65 பேரின் மனுவில், அவர்களின் குடியுரிமைக் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. 2022 அக்டோபரில், 1993-ல் திருச்சியில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த ஒரு பெண்ணின் மனுவில், 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் அடிப்படை இலங்கைத் தமிழ் இந்துக்களுக்கும் பொருந்தும் என்றது.

அந்த 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சில மதத்தினரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்தே விலக்கியது. இலங்கையைச் சேர்க்கவில்லை. அரசு நினைத்தால் ஒரு வரியில் அந்தச் சொல்லை நீக்க முடியும் என்று அதுவே காட்டுகிறது. (மதத்தை வைத்துப் பிரிப்பது சரியில்லை என்பது என் நிலை. முகாமில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கின்றன, அவர்கள் ஏறி வந்ததும் அதே படகுதான்.)

2025-ல் ஒரு மாற்றம் வந்தது. செப்டம்பர் 1-இல் புதிய குடியேற்ற, அயல்நாட்டவர் சட்டம் அமலானபோது, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். முகாமில் சிலர் இனிப்பு வாங்கினார்கள். குடியுரிமை கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பத்துப் பேராவது எங்களிடம் வந்திருப்பார்கள், அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது: ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள், அவ்வளவுதான், குடியுரிமை பற்றி அந்த ஆணையில் ஒரு சொல்லும் கிடையாது. அதே வருஷம் மே மாதம்தான் வேறொரு இலங்கைத் தமிழர் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லோரையும் ஏற்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று சொல்லியிருந்தது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அதனால் அகதி என்ற சொல்லுக்கே இங்கே தனிச் சட்டம் இல்லை. 2021-ல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, வீடுகள் கட்டித் தந்தது, மாதப் பணக்கொடையைக் கூட்டியது. இந்தக் குடும்பமும் ஓட்டைக் கூரையிலிருந்து கான்கிரீட் வீட்டுக்குப் போயிருக்கிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது.

மகன் பிளஸ் டூ படிக்கிறான். போன மாதம் ஒரு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க எங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான், அக்காவும் கூட வந்திருந்தார். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மதுரை என்று வேகமாக அடித்துக்கொண்டே வந்தவன், நாட்டுரிமை என்ற கட்டத்தில் நிறுத்தினான். இந்தியர் என்று போட்டால் பொய்யான தகவல் என்று பின்னால் சீட்டைப் பறிப்பார்கள். இலங்கை என்று போட்டால் அதற்கு அந்த நாட்டுக் காகிதம் கேட்பார்கள், அது அவனிடம் கிடையாது. பட்டியலில் மூன்றாவதாக எதுவும் இல்லை. "அம்மாவோடதப் போடலாமா மாமா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

விண்ணப்பத்தைச் சேமித்து வைத்திருக்கிறோம், கடைசித் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அவனுக்கும் அவன் தாய்மாமாவான தம்பிக்கும் சேர்த்து மனு தயாராகிறது, இருபத்தி இரண்டாம் பக்கம் வரை அடித்திருக்கிறேன்.